மூன்று மாதக் குழந்தைக்கு என்ன பாவம்?

என் தங்கை மகனுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்த அன்று, விருந்து முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அப்புச்சி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அம்மாவைப் பெற்றவர். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவர் ஆனவர். அப்புச்சி வருஷம் தவறாமல் குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறவர். "ஏங்கண்ணு, பொறந்து மூணு மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள அந்தக் கொழந்தை என்ன பாவத்தைப் பண்ணிப்போட்டுதுன்னு தண்ணி ஊத்திக் கழுவறாங்க?" என்றார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன்: ஆதாமும் ஏவாளும் செய்த பாவம் நமக்கும் வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அவங்க தின்னுபோட்டதுக்கு இவன் என்ன பண்ணுவான்?" அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று பல வருஷமாக யோசித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதுதான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம், சிக்கலில் பாதி அங்கேயே இருக்கிறது. கத்தோலிக்கர்களின் பழைய ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் புத்தகத்தில், இதற்குச் 'சென்மப் பாவம்' என்று பெயர். இப்போதைய புத்தகங்களில் 'பிறப்புநிலைப் பாவம்' என்று இருக்கும். மற்ற சபைகளில் 'ஜென்ம பாவம்', 'ஆதிப் பாவம்' என்பார்கள். பழைய ஞானோபதேசம் இதற்கு எதிராக இன்னொரு சொல்லையும் வைத்திருந்தது: 'கர்மப் பாவம்'. கர்மம் என்றால் செயல். நாமே தெரிந்து, மனசார ஒப்பிச் செய்கிற பாவம் அது. பொய், திருட்டு, அடுத்தவன் குடியைக் கெடுப்பது எல்லாம் கர்மப் பாவம். மூன்று மாதக் குழந்தைக்கு அது எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. திருச்சபை ஒருநாளும் இருப்பதாகச் சொன்னதில்லை.

அப்படியானால் சென்மப் பாவம் என்பது என்ன? 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அங்கே 'பாவம்' என்ற சொல் ஒப்புமையாகத்தான் வருகிறது. அது செய்த பாவம் இல்லை, வந்து ஒட்டிக்கொண்ட பாவம். அது ஒரு செயல் இல்லை, ஒரு நிலை. இந்த 'நிலை' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதைப் பிடித்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அமலோற்பவம் என்று பெயர் வைத்த பெண்கள் உண்டு. மலம் இல்லாமல் உற்பவித்தவள், அதாவது சென்மப் பாவம் இல்லாமல் தன் தாயின் வயிற்றில் கருவானவள் என்று பொருள். அது மரியாளைப் பற்றியது. 1854-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். கன்னியிடம் இயேசு பிறந்ததைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது என்று கோயிலுக்கு வருகிறவர்களிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு.

சரி, இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தோட்டம், பாம்பு, விலக்கப்பட்ட கனி, மறைந்துகொண்ட கணவனும் மனைவியும், வெளியேற்றம். அதில் ஆப்பிள் கிடையாது. என்ன பழம் என்றே சொல்லவில்லை. அதைவிட ஆச்சரியம், அந்த அதிகாரத்தில் 'பாவம்' என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பியைக் கொல்வதற்குச் சற்று முன்னால்: "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." எனக்கு மிகவும் பிடித்த வரி இது. அப்பா அம்மா தோட்டத்தில் செய்தது, மகன் வீட்டு வாசலில் நாய் மாதிரி படுத்துக் காத்திருக்கிறது. மகன் அதைத் தாண்டிப் போகலாம், உள்ளே கூப்பிடவும் செய்யலாம். ஆனால் அது அங்கே படுத்திருப்பது அவன் செய்த வேலை இல்லை.

அப்புச்சியின் கேள்வியும் வேதாகமத்துக்குப் புதிதில்லை. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்ற பழமொழியை எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் 18-ஆம் அதிகாரம் எடுத்துவைத்து மறுக்கிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று அங்கே கடவுளே சொல்கிறார். ஆகவே ஆதாமின் குற்றத்துக்காக நம்மைத் தண்டிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அவர் முதலில் எசேக்கியேலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கம் அப்போஸ்தலர் பவுல் இருக்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 5:12) ஒரே மனிதனாலே பாவமும், பாவத்தாலே மரணமும் உலகத்துக்குள் வந்தது என்கிறார். இந்த வசனத்தில்தான் மேற்குத் திருச்சபையின் வரலாறு திரும்பியது. கிரேக்க மூலத்தில் வசனம் முடிகிற இடத்துக்கு, எல்லோரும் பாவம் செய்ததால் மரணம் எல்லோருக்கும் வந்தது என்று பொருள் கொள்வதுதான் இயல்பு. பழைய லத்தீன் மொழிபெயர்ப்போ 'அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்' என்று படிக்கும்படி இருந்தது. ஒன்றில் ஒவ்வொருவரும் தாமே பாவம் செய்கிறார்கள். இன்னொன்றில் ஆதாமின் உடம்புக்குள் விதையாக இருந்தபோதே நாமெல்லாம் பாவம் செய்துவிட்டோம். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று இருக்கும். கிரேக்கத்தின் வழியில் போகிற மொழிபெயர்ப்பு. சின்ன 'படியால்'தான், ஆனால் அதன் மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது!

லத்தீனில் படித்தவர் அகுஸ்தீன். பிறந்தது 354, இறந்தது 430. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரத்தின் ஆயர். இந்தக் கோட்பாட்டுக்கு முழு உருவம் கொடுத்தவர் அவர்தான். அவர் தன் வாழ்க்கையை எழுதிய நூலில் பதினாறு வயதில் செய்த ஒரு திருட்டைச் சொல்கிறார். ராத்திரி கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் மரத்தை உலுக்கிவிட்டார்கள். பசி இல்லை. அவர் வீட்டிலேயே அதைவிட நல்ல காய் இருந்தது. பறித்ததில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டார்கள். பிறகு ஏன் திருடினேன் என்று பக்கம் பக்கமாக யோசிக்கிறார். கடைசியில் அவருக்குக் கிடைக்கிற பதில் பயங்கரமானது: தப்பு என்பதற்காகவே அது பிடித்திருந்தது. இன்னொன்றும் சொல்கிறார், தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்று.

நம் தோட்டங்களில் மாங்காய் அடித்தவர்களுக்கு இது புரியும். மாங்காயா முக்கியம்? தோட்டத்துக்காரர் தடியோடு துரத்தும்போது கூட்டமாக ஓடுகிற அந்தக் குதூகலம்தான் முக்கியம். ஒரு பிழைக்குப் பின்னால் பசியோ அறியாமையோ இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம், சோறு போடலாம், பாடம் சொல்லலாம். காரணமே இல்லாத பிழையை என்ன செய்வது? விருப்பமே கோணலாக இருந்தால்? அகுஸ்தீன் பிடித்த இழை அதுதான்.

அதே நூலில் பேச்சு வராத குழந்தை ஒன்றும் வருகிறது. தன்னோடு பால் குடிக்கிற இன்னொரு குழந்தையைப் பார்த்து அது முகம் வெளுத்து, கசப்போடு முறைக்கிறது. அதற்குக் குற்றம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் 'எனக்கு மட்டும்' என்பது தெரிந்திருக்கிறது.

அகுஸ்தீனை எதிர்த்தவர் பெலாஜியுஸ், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. அவரைப் பல புத்தகங்கள் வில்லன் மாதிரி காட்டுகின்றன, அது நியாயம் இல்லை. ரோமில் பேருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். 'நீர் கட்டளையிடுவதை எனக்குக் கொடும், பிறகு விரும்புவதைக் கட்டளையிடும்' என்று அகுஸ்தீன் எழுதிய ஜெபத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. எல்லாம் கடவுள் கொடுத்தால்தான் நடக்கும் என்றால் மனுஷன் எதற்கு முயற்சி செய்வான்? செய் என்று கடவுள் சொன்னால், செய்ய முடியும் என்றுதானே அர்த்தம்? ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி காட்டினான், அதைத் தாண்டி வேறொன்றும் இல்லை. ஒவ்வொருவரும் ஆதாம் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்றார் பெலாஜியுஸ்.

படிக்கும்போது பெலாஜியுஸ் பக்கம்தான் சாயத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குடியை விட முடியாமல் தவிக்கிற ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். 'நினைத்தால் விடலாம்' என்று அவரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அவரும் நினைக்கத்தான் செய்கிறார். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-இல் பவுல் புலம்புவது அந்தத் திண்ணையில் கேட்கிற குரல்தான். பெலாஜியுஸின் போதனை அந்த மனிதருக்கு நம்பிக்கை கொடுப்பதுபோலத் தொடங்கி, முடியாமல் போனதற்கான பழியையும் அவர் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறது. அகுஸ்தீனோ, உனக்கு முடியவில்லை என்பது எனக்குத் தெரியும், எனக்கும் முடியவில்லை, வெளியிலிருந்து ஒரு கை வேண்டும் என்கிறார். அந்தக் கைக்குத்தான் கத்தோலிக்கர் 'அருள்' என்றும் மற்ற சபையார் 'கிருபை' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளியது, 431-இல் எபேசு பொதுச்சங்கமும் தள்ளியது.

ஆனால் அகுஸ்தீன் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. கருத்தரிப்பின்போது இருக்கிற இச்சையோடு இந்தப் பாவம் கடத்தப்படுகிறது என்று அவர் எழுதியது, கணவன் மனைவி உறவின் மேலேயே ஓர் அழுக்கை ஏற்றிவிட்டது. அதோடு ஏவாள் மேல் விழுந்த பழியும் சேர்ந்து, பெண்கள் எத்தனை நூற்றாண்டு அதைச் சுமந்தார்கள்! ரோமர் 5-இல் பவுல் பெயர் சொல்லிப் பேசுவது ஆதாமைத்தான். ஏவாள் அங்கே வரவே இல்லை.

இப்போது அப்புச்சியிடம் திரும்பி வருகிறேன். அவர் கேள்விக்கு விடை அவர் தோட்டத்திலேயே கிடந்தது.

தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ்ப்பக்கம். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற நொய்யல், கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டிய அந்த அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்குத் திருப்பூரின் சாயக்கழிவுதான் வந்தது, அணையும் அதைத்தான் தேக்கியது. கிணற்றில் உப்பு ஏறியது. தென்னை குரும்பையை உதிர்த்தது. இளநீர் வெட்டினால் கரித்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராதபடி சுத்திகரித்தால்தான் பட்டறை நடத்தலாம் என்ற கட்டாயம் வந்தது. மண்ணுக்குள் இறங்கின உப்பு மட்டும் அங்கேயே இருந்தது.

2012-இல் அந்தப் பக்கத்தில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஆற்றில் சாயத்தை விட்டதா? இல்லை. அதை யாராவது நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா? முடியாது. அப்படியானால் அதற்கும் அந்தக் கேட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அது குடிக்கிற தண்ணீரில் இருக்கிறது, அதற்கு வந்து சேரப்போகிற நிலத்தில் இருக்கிறது. குற்றம் வேறு, கேடு வேறு. குற்றம் செய்தவனோடு நிற்கும், கேடு வழிவழியாக வரும். எசேக்கியேல் மறுத்தது குற்றம் கைமாறுவதை. பவுல் பேசுவது கேடு பரவுவதை.

இந்தப் பிரிப்பை மிக நேர்த்தியாகச் செய்தவர் 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். சென்மப் பாவத்தை அவர் ஒரு நோயின் நிலையோடு ஒப்பிடுகிறார். மனித இயல்பின் நன்மையை அவர் மூன்றாகப் பிரிப்பதை அப்புச்சியின் நிலத்தை வைத்தே சொல்லலாம். முதலாவது, மனிதனை மனிதனாக்குகிற அடிப்படை: அறிவு, விருப்பம் முதலானவை. பாவத்தால் இது அழியவில்லை, மண் இன்னும் மண்தான். இரண்டாவது, நன்மையை நோக்கிய இயல்பான சாய்வு. இது குறைந்திருக்கிறது, அற்றுப்போகவில்லை. விதைத்தால் முளைக்கும், முன்போல் விளையாது. மூன்றாவது, தொடக்கத்தில் கடவுள் மேற்கொண்டு கொடுத்த ஒரு கொடை. அறிவு கடவுளுக்கு அடங்கியும், ஆசைகள் அறிவுக்கு அடங்கியும் எல்லாம் ஒழுங்காக இருந்த நிலை. அது முழுதாகவே போய்விட்டது. மலையிலிருந்து வந்த நல்ல தண்ணீர் நின்றுபோனதைப் போல.

ஆக, 'மனுஷன் பிறவியிலேயே கெட்டவன்' என்பது இந்தக் கோட்பாடு இல்லை. அப்படிச் சொன்னால் அதை உண்டாக்கியவர் மேலேயே பழி போகும். அகுஸ்தீனே இதில் உறுதியாக இருந்தார்: இருப்பது எல்லாம் நல்லது, தீமை என்பது தனியாக இருக்கிற ஒரு பொருளே இல்லை, இருக்கவேண்டிய நன்மை இல்லாமல் போனதுதான். திருப்பூரில் பனியன் துணியைச் சோதிக்கிற இடத்தில் நின்று பார்த்திருந்தால் இது சட்டென்று விளங்கும். துணியைக் கண்ணாடி மேல் ஓடவிட்டு அடியில் விளக்குப் போட்டிருப்பார்கள். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி பழுதாகியிருந்தால், அந்த ஊசி போன வழியெல்லாம் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு தெரியும். நூல் நல்ல நூல்தான். அந்தக் கோட்டை உருவி எடுத்து 'இதுதான் பழுது' என்று தனியாகக் காட்ட முடியாது. விழவேண்டிய கண்ணி சரியாக விழவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு ரோல் முழுக்க ஓடும்.

ஆனால் நொய்யல் உவமை ஓர் இடத்தில் உடைகிறது. உப்பு நமக்கு வெளியே இருக்கிறது. சென்மப் பாவம் உள்ளே, நம் விருப்பத்திலேயே இருக்கிறது என்பதுதான் கோட்பாடு. நானே விரும்புவது எப்படி நான் தொடங்கிவைக்காததாக இருக்கும்? இதற்கு நான் என் வாழ்க்கையிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

எனக்கு ஆறு வயதோ ஏழோ. கோடை லீவுக்கு அப்புச்சி தோட்டத்துக்குப் போயிருந்தேன். அணை வருவதற்கு முந்தைய காலம், இளநீரில் உப்பு இல்லை. தோட்டத்தில் ஒரு பெரியவர் பண்ணையத்துக்கு இருந்தார். ஊருக்கு வெளியே, தெற்குப் பக்கம் குடியிருப்பு. அறுபது வயதுக்குக் குறையாது. தலை முழுக்க நரை, முழங்கால் வரை மண். ஒரு மத்தியானம் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவரைக் கூப்பிட்டேன்: "டேய், எளநி வெட்டிக் குடுடா." அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆகட்டுங்க சாமி" என்றார்.

அப்படிப் பேசு என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்புச்சியிடம் 'ங்க' போட்டுப் பேசச் சொல்லித்தந்தார்கள். சொந்தக்காரர்களில் யார் மாமா, யார் சித்தப்பா என்று சொல்லித்தந்தார்கள். அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த 'டா'வை நான் உண்டாக்கவில்லை, எனக்குப் பல தலைமுறைக்கு முன்பே அது அந்த மண்ணில் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன நாக்கு என்னுடையது. ஒரு பெரிய மனிதர் என் சொல்லுக்கு ஓடியபோது உள்ளே இனித்ததே, அந்த இனிப்பும் என்னுடையதுதான். அதை யாரும் எனக்கு ஊட்டவில்லை. காத்துக்கொண்டிருந்ததுபோல உள்ளிருந்து எழும்பி வந்தது.

பிற்பாடு படித்து, வெட்கப்பட்டு, அவரை 'ஐயா' என்று கூப்பிடத் தொடங்கினேன். முதல் சில முறை நாக்கு புரளவில்லை. மனசு ஒப்புக்கொண்ட பிறகும் நாக்கு ஒப்புக்கொள்ளாத அந்த நொடியை நான் மறக்கவே மாட்டேன். வந்து ஒட்டிக்கொண்டதும் நானே செய்ததும் பிரிக்க முடியாமல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது என்று இறையியலாளர்கள் நீள நீளமாக எழுதுவதை நான் புரிந்துகொண்டது அங்கேதான்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. சென்மப் பாவம் என்ற போதனை, பிறப்பால் சுத்தம் என்று சொல்லிக்கொள்கிற எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தொட்டியில் தண்ணீர் ஊற்ற எல்லோர் தலையும் ஒன்றுபோலக் குனிந்தாக வேண்டும். மேல் சாதிக் குழந்தைக்கு ஒரு தண்ணீர், கீழே வைக்கப்பட்டவர்களின் குழந்தைக்கு ஒரு தண்ணீர் என்று இல்லை. இதை ஞாயிறுதோறும் அறிக்கையிட்டுவிட்டு, தமிழ்நாட்டில் பல ஊர்களில் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்திருக்கிற கிறிஸ்தவர்கள் தங்கள் கோட்பாட்டைத் தாங்களே நம்பவில்லை என்றுதான் சொல்வேன்.

தேவாரம் பாடிய அவிநாசி, பவானி, கொடுமுடிக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இந்நேரம் ஒன்று தோன்றியிருக்கும். இதைத்தானே சைவ சித்தாந்தம் ஆணவ மலம் என்கிறது? நெருங்கின உறவுதான். ஆணவமும் ஒரு செயல் இல்லை, உயிரின் அறிவையும் விருப்பத்தையும் மறைக்கிற நிலை. அதுவும் திருவருள் இல்லாமல் நீங்காது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதுதான் உயிர்நாடி. செம்பில் களிம்புபோல ஆணவம் உயிரோடு அனாதியாகவே இருக்கிறது என்பது சித்தாந்தம். களிம்பு இல்லாத செம்பு என்று ஒரு காலம் இருந்ததே இல்லை. கிறிஸ்தவம் அப்படிச் சொல்ல முடியாது. படைத்தது எல்லாம் மிகவும் நன்றாயிருந்தது என்று அது தொடங்குகிறது, எனவே கேடு எங்கோ நடுவில்தான் வந்திருக்க வேண்டும். ஆதாம் கதையின் வேலையே அதுதான்: தீமைக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று சொல்வது. தொடக்கம் உள்ளது மனித இயல்பின் பகுதியாக இருக்க முடியாது.

வினையோடு ஒப்பிட்டால் இன்னும் தூரம் போகிறது. வினை என் சொந்தக் கணக்கு, முற்பிறப்பில் நானே விதைத்தது. அப்புச்சியின் நியாய உணர்வுக்கு அது எளிதாகப் பொருந்துகிறது. சென்மப் பாவமோ நான் விதைக்காததை நான் அறுப்பது. அது கசப்பானதுதான். ஆனால் ஒரு குழந்தை ஊனத்தோடு பிறந்தால், அது முன்னே என்ன செய்ததோ என்று விரல் நீட்ட இந்தக் கோட்பாட்டில் இடமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

பிற்காலச் சண்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதன் தனக்குள்ளேயே வளைந்துபோனவன், நல்லதைச் செய்யும்போதும் தன்னையே பார்க்கிறான் என்றார் 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைகளுக்கு வழிவகுத்த லூத்தர். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் மரபில் வரும் 'முழுச் சீர்கேடு' என்ற சொல்லுக்கு, மனிதன் எவ்வளவு கெடமுடியுமோ அவ்வளவு கெட்டுவிட்டான் என்று பொருள் இல்லை. அறிவு, உணர்ச்சி, விருப்பம் என்று எந்தப் பகுதியும் தப்பவில்லை என்றுதான் பொருள். திருமுழுக்குக்குப் பிறகும் உள்ளே மிஞ்சுகிற கெட்ட இச்சை தன்னளவில் பாவம் இல்லை, பாவத்தை நோக்கிச் சாய்க்கிற ஒன்று என்று 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. அதுவே பாவம்தான் என்றார்கள் லூத்தரின் பக்கத்தார். கிரேக்க, ரஷ்ய மரபுகளைப் போன்ற கிழக்குத் திருச்சபைகள் இந்தச் சண்டைக்கே வரவில்லை. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும்தான், குற்றம் இல்லை என்பது அவர்கள் மரபு. 2-ஆம் நூற்றாண்டின் ஆயர் இரேனேயுஸ் ஆதாமையும் ஏவாளையும் இன்னும் வளராத குழந்தைகள் என்றே பார்த்தார். எனக்கு வயது ஏற ஏற இரேனேயுஸ் மேல் பிரியம் கூடிக்கொண்டே போகிறது.

தத்துவத்தின் பக்கமிருந்து வந்த வலுவான எதிர்ப்பு ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் உடையது. அப்பா வாங்கின கடனை மகன் அடைக்கலாம், யார் கொடுத்தாலும் கடன் கொடுத்தவருக்கு ஒன்றுதான். ஒழுக்கக் குற்றம் அப்படிக் கைமாறாது என்றார் கான்ட். முதல் பெற்றோரிடமிருந்து தீமை சொத்துபோல வந்தது என்பதுதான் அதை விளக்குகிற வழிகளிலேயே பொருந்தாதது என்றும் சொன்னார். ஆனால் அதே 1793-ஆம் ஆண்டு நூலில், மனித இயல்பில் வேர்வரை போன ஒரு தீமை இருக்கிறது, நியாயத்தைவிடத் தன்னலத்தை முன்னால் வைக்கிற சாய்வு எல்லோரிடமும் இருக்கிறது என்றும் எழுதினார். பரிணாமத்தை ஏற்கிறவர்கள் ஆதாம் என்ற ஒற்றை மனிதனைத் தேடுவதை விட்டுவிட்டு இந்தக் கதையைப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தாலும், நாம் வருவதற்கு முன்பே பிழையாகிவிட்ட உலகத்துக்குள் பிறக்கிறோம் என்பது மாறவில்லை.

இந்தக் கோட்பாட்டால் அழுத தாய்மாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைக்கு மோட்சம் உண்டா என்ற கேள்விக்கு அகுஸ்தீன் கொடுத்த பதில் கடுமையானது. இடைக்காலத்தில் அதைத் தணித்து, வேதனையும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத ஓர் இடம் என்று சொன்னார்கள். பழைய வழக்கத்தில் அந்தக் குழந்தைகளை மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, மண்ணில் அடக்கம் செய்யவும் மாட்டார்கள். கோட்பாட்டைப் பிசகாமல் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது சாட்சி. இன்று கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குப் போதுமான காரணம் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-இல் எழுதியது. அது வரத் தாமதமான ஆறுதல்.

திருமுழுக்கு நாளில் கோயிலில் நடந்த ஒன்றை நான் கடைசியில்தான் யோசித்தேன். குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை. பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் நிறுத்தித்தான் சாமியார் (பாதிரியார்) கேட்பார். குழந்தையின் விசுவாசத்தை வேறு ஆட்கள் சொல்கிறார்கள். இது என்ன நியாயம் என்று அக்குவினாஸும் கேட்டுக்கொண்டு, அகுஸ்தீனிடமிருந்தே பதில் எடுத்துத் தருகிறார்: கேடு பிறர் வழியாக அந்தக் குழந்தைக்கு வந்தது, விசுவாசமும் பிறர் வழியாகவே வரட்டும். அப்புச்சியிடம் நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் குழந்தையின் மேல் மட்டும் விழவில்லை. அதைச் சுற்றி நிற்கிற எங்களுக்கும்தான் அந்தக் கேள்வி.

அன்று காலை அப்படித்தான் தொட்டி பக்கத்தில் தங்கையும் மாப்பிள்ளையும் நின்றார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். "விட்டுவிடுகிறோம்" என்றார்கள். பின்னால் பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னோம். கடைசி வரிசையில் மேல்துண்டைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றிருந்த அப்புச்சி, எல்லோரும் சொல்லி முடித்து ஒரு நொடி கழித்து, தன்னையும்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, நிதானமாகச் சொன்னார்: "உட்டர்றனுங்க."